கடன் கொப்பி இல்லாத அரசாங்கங்கள்

கணக்கீடு படிக்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது: கடனுக்கு வாங்கினால் வாங்கிய அன்றே எழுது, காசு கொடுக்கும் நாள்வரை காத்திருக்காதே. அட்டுறு அடிப்படை என்பது அதுதான். தெருமுனைக் கடைக்காரரிடமும் கடன் கொப்பி இருக்கிறது. பல அரசாங்கங்களோ இன்றும் காசு அடிப்படையில்தான் எழுதுகின்றன.

கிரேக்கத்தைப் பாருங்கள். 2009 இன் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 வீதம் என்றார்கள். ஆட்சி மாறியதும் 12.5 என்றார்கள். கடைசியில் 15 ஐயும் தாண்டியது. அரச வைத்தியசாலைகள் கட்டாத பாக்கியும் அதற்குள் ஒளிந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் புள்ளிவிபர விதி ஒன்றுதான். அடியிலிருந்த கணக்குகள் நாட்டுக்கு நாடு வேறு.

அதனால் 2013 இல் ஐரோப்பிய ஆணைக்குழு, பொதுத்துறைக்கு ஒரே கணக்கீட்டு நியமம் வேண்டும் என்றது. இன்னும் கட்டாயமாகவில்லை. செலவு அதிகம் என்கிறார்கள். உண்மைதான். நியமம் வந்தால் மட்டும் நேர்மை வந்துவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் மறைத்த கடனுக்கு யார் செலவு கட்டினார்கள்? சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்ட சாதாரண மக்கள்.

2022 இல் வரிசையில் நின்ற நமக்கு இது தூரத்து ஊர்க் கதையல்ல.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. தனிமனிதனுக்கே அந்தக் கட்டளை என்றால், நம் பேரில் கடன் வாங்கும் அரசுக்கு?