செவியும் சிந்தையும்

சொல்வன்மையைத் தனி அதிகாரமாக வகுத்துப் போற்றிய நூல் திருக்குறள். அவையறிதலும் அவையஞ்சாமையும் அதில் தனித்தனி அதிகாரங்களாக இடம்பெறுகின்றன. பேசுவோருக்கு இத்துணை வழிகாட்டிய அந்நூல் கேட்போரையும் மறக்கவில்லை. ‘கேள்வி’ என ஓர் அதிகாரத்தை வைத்து, அதனை அடுத்தே ‘அறிவுடைமை’யை வைத்தது. எப்பொருளை எவர் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என அங்கு இலக்கணம் கூறப்படுகிறது.

இன்று வகுப்பறைகளில் உலகப் புகழ்பெற்ற உரைகள் பயிலப்படுகின்றன. எழுச்சியூட்டும் தொடர்கள் மனப்பாடம் செய்யப்படுகின்றன. பேச்சுப் போட்டிகளில் அவை ஒலிக்கின்றன. உவமை, உருவகம், அடுக்குத்தொடர் எனத் தேர்வுத்தாளில் பட்டியலும் இடப்படுகின்றன. இவை பயனற்றவை அல்ல. ஆயினும், பேருரையைப் பயிலும் பயன் இவற்றோடு நின்றுவிடக் கூடாது. இவ்வுரை கேட்டோரை எவ்வாறு இணங்க வைத்தது? அவர்கள் இணங்கியது தகுமா? இவ்விரு வினாக்களையும் எழுப்பாத பயிற்சி, நாவை வளர்க்குமேயன்றிச் சிந்தையை வளர்க்காது.

ஆண்டுக் கணக்கில் ஒரு வாதம்

1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் முதல் மூன்று நாள்களில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடுமையான சமர் கெட்டிஸ்பர்க்கில் நிகழ்ந்தது. அங்கு மாண்ட வீரர்களுக்கான கல்லறைத் தோட்டம் அவ்வாண்டு நவம்பர் 19 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. விழாவின் முதன்மைப் பேச்சாளரான எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உரையாற்றினார். அவருக்குப் பின் எழுந்த குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், ஏறத்தாழ 270 சொற்களில், சில நிமிடங்களுக்குள் பேசி அமர்ந்தார். லிங்கன் மையக் கருத்தை அச்சில நிமிடங்களில் நெருங்கிய அளவுக்குத் தாம் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்ந்திருப்பார் என எவரெட்டே மறுநாள் மடல் எழுதினார்.

சுருக்கம்தான் அவ்வுரையின் சிறப்பு என்று பலரும் கூறுவர். அதன் உண்மையான ஆற்றல் தொடக்கத்தில் இடம்பெறும் ஆண்டுக் கணக்கில் உள்ளது. நாடு தோன்றி 87 ஆண்டுகள் ஆயின என்ற கணிப்போடு லிங்கன் தொடங்குகிறார். 1863இலிருந்து 87ஐக் கழித்தால் 1776 வரும். அது சுதந்திரப் பிரகடனம் வெளியான ஆண்டு. மாந்தர் யாவரும் சமம் என்று அப்பிரகடனம் அறிவித்தது. அரசமைப்புச் சட்டம் வரையப்பட்டதோ 1787இல். அச்சட்டம் அடிமை முறைக்கு இடமளித்திருந்தது. நாட்டின் பிறப்பை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது என்பதை முடிவு செய்ததன் வாயிலாகவே, போர் எதற்காக நடக்கிறது என்பதையும் லிங்கன் முடிவு செய்துவிட்டார். அடிமை என்ற சொல் அவ்வுரையில் இல்லை. எதிரியின் பெயரும் இல்லை. கெட்டிஸ்பர்க் என்ற ஊர்ப்பெயர்கூட இல்லை. ஒரு வாதம் முன்வைக்கப்பட்டதே பலருக்குப் புலப்பட்டிராது.

ஆனால் சிகாகோ நகரின் எதிர்ப்பு நாளேடு ஒன்றுக்கு அது புலப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தை எடுத்துக்காட்டி லிங்கனின் விளக்கத்தை அது மறுத்தது. அந்நாளேடு நின்ற பக்கம் அறத்தின் பக்கமன்று. எனினும், உரையின் முடிச்சு எங்கே இடப்பட்டது என்பதை அது கண்டுகொண்டது. லிங்கனைப் போற்றுவோரும் அம்முடிச்சைக் கண்ட பின்னர்ப் போற்றுவதே முறையாகும்.

மறக்கப்பட்ட முற்பகுதி

அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1963 ஆகஸ்டு 28 அன்று, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் மார்ட்டின் லூதர் கிங் நின்றார். எதிரே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டிருந்தனர். தமக்கு ஒரு கனவு உண்டு என அவர் மீண்டும் மீண்டும் கூறிய பகுதியை உலகம் அறியும். அப்பகுதி அவர் எழுதி வந்த படியில் இல்லை. பாடகி மகாலியா ஜாக்சன் அருகிலிருந்து கனவைப் பற்றிக் கூறுமாறு குரல் கொடுத்தார். கிங் எழுதி வந்ததை விட்டு விலகிப் பேசினார்.

அவர் எழுதி வந்த முற்பகுதியைப் பலர் அறியார். அங்கே கிங் கையாண்டது ஒரு வங்கிக் காசோலை பற்றிய உருவகம். எல்லார்க்கும் உரிமை தருவதாக நாட்டை நிறுவியோர் எழுதித் தந்த உறுதிமொழி, கறுப்பின மக்களின் கையில் பணமில்லாத காசோலையாகத் திரும்பி வந்தது என்று அவர் வாதிட்டார். இவ்வுருவகம் கேட்போரிடம் இரக்கத்தை வேண்டவில்லை, கடனைக் கேட்டது. தருவதும் மறுப்பதும் தருபவரின் விருப்பம் என்பது இரக்கத்தின் இயல்பு. கடனோ திருப்பித் தரப்பட்டே ஆகவேண்டும். அன்றைய பேரணியின் பெயரே வேலைவாய்ப்புக்கும் விடுதலைக்குமான பேரணி என்பதாகும். நாடெங்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இரண்டு டாலர் கூலி வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று.

கனவை மட்டும் நினைவில் வைத்துக் கடனை மறந்தவர், இனிமையைச் சுவைத்து வாதத்தைக் கைவிட்டவர் ஆகிறார். ஓர் உரையை மேற்கோள்களாக நறுக்கிப் பயில்வதன் தீங்கு இதுவே.

கைதட்டலை நாடாத உரை

இந்திய அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டதற்கு முந்தைய நாளான 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரை மற்றொரு வகையைச் சார்ந்தது. சபை காலம் தாழ்த்தியது என்ற குறைக்கு அவர் சினத்தால் மறுமொழி கூறவில்லை, எண்களால் கூறினார். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் எடுத்துக்கொண்ட காலத்தையும் அவற்றின் சட்டங்களின் அளவையும் ஒப்பிட்டுக் காட்டினார். தமக்குக் கிடைத்த பாராட்டைச் சட்ட அறிஞர் பி. என். ராவ் உள்ளிட்டோருக்குப் பகிர்ந்தளித்தார். இதனால் அவர்மீது நம்பிக்கை வளர்ந்தது.

அந்நம்பிக்கையைக் கொண்டு அவர் செய்தது புகழ்ச்சியன்று; எச்சரிக்கை. 1950 ஜனவரி 26 முதல் நாடு முரண்பாடு மிகுந்த வாழ்வில் நுழையப்போகிறது. அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் ஒருங்கே நிலவும் என்றார். அரசியலில் தனிமனித வழிபாடு வீழ்ச்சிக்கே இட்டுச்செல்லும் என்றும் கூறினார். மகிழ்ச்சியோடு கூடியிருந்த அவையில் மகிழ்ச்சிக்கு மாறானதைக் கூறும் துணிவே இங்கு இணங்க வைக்கும் ஆற்றலாக நிற்கிறது.

ஒரே கருவி, இரு பயன்கள்

பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்போரின் உணர்ச்சி, கருத்தின் தருக்கம் ஆகிய மூன்றும் இணங்க வைக்கும் வழிகள் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்தார். இவ்வழிகள் நல்லோர்க்கு மட்டும் உரியவை அல்ல. 1933இல் ஜெர்மனியில் ஆட்சியைப் பிடித்த நாசிகள், விலை குறைந்த வானொலிப் பெட்டிகளைப் பரப்பி, தம் தலைவரின் குரலை வீடுதோறும் ஒலிக்கச் செய்தனர். சில கருத்துகளையே தேர்ந்து, கடைசி மனிதனுக்கும் பதியும்வரை திரும்பத் திரும்பக் கூறவேண்டும் என்று ஹிட்லர் தம் நூலில் எழுதியிருந்தார்.

கிங்கும் ஒரு தொடரைத் திரும்பத் திரும்பக் கூறினார், ஹிட்லரும் கூறினார். உத்திகளைப் பட்டியலிடுவதோடு நிற்கும் மாணவருக்கு இவ்விருவரும் ஒருவரே. வேறுபாடு சான்றில் உள்ளது. கிங் சுட்டிய உறுதிமொழியை எவரும் எடுத்துப் படித்துச் சரிபார்க்கலாம். முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதற்கு யூதரின் துரோகமே காரணம் என்ற பொய்யை நாசிகள் பரப்பினர். 1918 செப்டம்பர் இறுதியில் போர்நிறுத்தம் கோருமாறு அரசை வற்புறுத்தியவர்கள் ஜெர்மன் படைத்தலைவர்களே என்பது வரலாறு. ஒன்றில், அடுக்கிவந்த தொடர் ஓர் உண்மையை நினைவூட்டியது. மற்றொன்றில், அது சான்றின் இடத்தையே பறித்துக்கொண்டது. அப்பொய்க்கு இணங்கியதன் விலையை இலட்சக்கணக்கான உயிர்கள் கொடுத்தன.

எடைபோடும் பயிற்சி

உரையைக் கூறுபோட்டு ஆராய்ந்தால் அதன் அழகு கெடும் என்று சிலர் வருந்துவர். இராகம் அறிந்தவர் பாடலைக் குறைவாகச் சுவைப்பதில்லை, கூடுதலாகவே சுவைக்கிறார். லிங்கனின் ஆண்டுக் கணக்கை உணர்ந்தவருக்கு அவ்வுரை இன்னும் ஆழமாகவே தோன்றும். இணங்க வைக்கும் கலையைக் கற்பித்தால் ஏமாற்றுவோர் பெருகுவர் என்று அஞ்சுவோரும் உளர். ஏமாற்றுவோர் அக்கலையை எவ்வாறேனும் கற்றுக்கொள்வர். கற்பிக்காதுவிட்டால் ஏமாறுவோரே பெருகுவர்.

எனவே, ஓர் உரையைப் பயிலும் மாணவர் அதனை முழுமையாகப் படிக்க வேண்டும். அது எங்கே தொடங்குகிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது, எந்த உணர்ச்சியைத் தொடுகிறது, அவ்வுணர்ச்சிக்குரிய சான்றைத் தருகிறதா, கேட்போரிடம் எச்செயலை வேண்டுகிறது என வினவ வேண்டும். தமக்குப் பிடித்த தலைவரின் உரையிடமும் இவ்வினாக்களையே எழுப்ப வேண்டும். பிடிக்காதவரின் உரையை மட்டும் ஆராய்வது ஆராய்ச்சியாகாது.

மேல்நிலை வகுப்பில் பயில்வோர் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளர் ஆவர். முழு உரைகள் அருகி, சில நொடித் துணுக்குகளே கைப்பேசியில் வந்து சேரும் காலத்தில் அவர்கள் வாழ்கின்றனர். மேடையில் நிற்கப்போகிறவர் அவர்களுள் சிலரே. மேடைக்கு எதிரே அமரப்போகிறவர் அனைவரும். நல்ல பேச்சாளரை உருவாக்கும் பள்ளி பாராட்டுக்குரியது. நல்ல கேட்போரை உருவாக்கும் பள்ளியோ மக்களாட்சிக்கே காவலாக நிற்கிறது.