படமும் சான்றும்



நம் இயற்கை மன்றத்தின் கையெழுத்து இதழுக்குக் கரிச்சான் படங்கள் இரண்டு வந்தன. ஒன்று ஒளிமிக்கது; ஆனால் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. மற்றொன்று சற்றே மங்கலானது. தனுவச்சபுரத்து வயலோர மின்கம்பியில் அமர்ந்திருந்த பறவையை, தந்தையின் கைப்பேசியால் மாணவி ஒருத்தி எடுத்தது. இரண்டாவதையே வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

மன்ற இதழ் என்பது உறுப்பினர் தாம் கண்டதைப் பிறர்க்கு அறிவிக்கும் பதிவேடு. சென்னையில் 1978இல் தோன்றிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கமும் 'பிளாக்பக்' என்னும் இதழை நடத்தி வருகிறது. நாளை அவ்வயலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால், அங்கே கரிச்சான் இரை தேடியது என்பதற்கு அம்மாணவியின் படமே சான்றாகும். இணையப் படம் எந்த வயலுக்கும் சான்றாகாது. பிறர் எடுத்த படத்திற்கு நம் பெயரை இடுவது களவுமாகும்.

"மங்கலான படம் இதழுக்கு அழகாகுமா?" என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தெளிவும் வேண்டும், ஆனால் அதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த கேமராவால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்துப் புகழ்பெற்றார். பொறுமையே முதல் கருவி. காலை இளவெயிலில், கதிரவன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். வானத்தின் எதிரே கரும்பறவை வெறும் நிழலாகிவிடும். பச்சை வயல் பின்னணியானால் நன்று. கரிச்சானுக்கு அடையாளம் பிளவுபட்ட நீள்வால். அது வெட்டுப்படாமல் படத்தில் அமையட்டும். பல படங்கள் எடுத்து, சிறந்த ஒன்றை மட்டும் அனுப்புங்கள். ஒளியைச் சற்றுக் கூட்டலாம். கம்பியை அழித்துவிட்டுக் கிளையை வரைதல் பொய்யாகும்.

கூட்டை நெருங்கிப் படமெடுக்காதீர்கள். தாய்ப்பறவை அஞ்சி விலகினால் முட்டைகள் கெடும். குஞ்சுகள் பசியால் வாடும். அத்தகைய படம் எத்துணை அழகாயினும் நம் இதழுக்கு வேண்டா.

படத்தின்கீழ்ப் பறவையின் பெயர், இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். இவ்வூர் நண்பர்கள் இப்பறவையை 'ஆனறாஞ்சி' என்பர்; நம் பாட்டிமார் 'கரிச்சான்' என்பர். இரண்டையும் எழுதுங்கள். வழங்காத சொல் மெல்ல மறையும். ஊர்விட்டு வந்து வாழும் நாம், கண்ணெதிரே காணும் பறவையைத் தாய்மொழிப் பெயரால் குறிப்பதும் ஒரு பதிவே. வயலுக்கு அப்படம் சான்று. நம் மொழிக்கு அப்பெயர் சான்று.

அருஞ்சொற்பொருள்
தூர்த்து – மண்ணிட்டு நிரப்பி
களவு – திருட்டு
எத்துணை – எவ்வளவு

சிந்தித்து எழுதுக
1. ஆசிரியர் மங்கலான படத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? நீங்கள் உடன்படுகிறீர்களா?
2. உங்கள் வீட்டருகே காணும் ஒரு பறவையைப் படமெடுத்து, அதன் தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் எழுதுக.