13 செக்கன், 850 மில்லியன் டொலர், ஒரு நீல ரீசேட்

கம்பஸில் யாராவது "உங்கட ரீம் எது?" என்று கேட்டால் லிவர்பூல், ரியல் மட்ரிட், சென்னை என்றுதான் பதில் வரும். நாங்கள் "பஃபலோ பில்ஸ்" என்று சொன்னதும் முதலில் ஒரு மௌனம். பிறகு, "என்னது, எருமையோ?" என்று ஒரு சிரிப்பு. பதினொரு வருசமாக இந்தச் சிரிப்புக்குப் பழகிவிட்டோம். நாங்கள் என்றால் நானும் தம்பியும்.

கதை ஸ்காபரோவில் இருக்கிற மாமாவிடம் தொடங்குகிறது. நியூயோர்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், நயாகராவுக்குப் பக்கத்தில் இருக்கிற பஃபலோ, ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஊர். 2008 முதல் 2013 வரை பில்ஸ் அணி வருசத்துக்கு ஒரு ஆட்டத்தை ரொறன்ரோவிலேயே ஆடியது. கடைசி ஆட்டத்துக்கு, வேலைத்தலத்தில் யாரோ கொடுத்த ரிக்கெற்றில், மாமா போனார். அற்லான்ராவிடம் மேலதிக நேரத்தில் 34-31 என்று தோல்வி. மாமாவுக்கு ஆட்டம் விளங்கவில்லை, குளிர் மட்டும் நல்லா விளங்கியது. ஆனாலும் இரண்டு நீல ரீசேட் வாங்கி அடுத்த பெட்டியில் போட்டு அனுப்பினார். சிவப்புக் கோடு பாய்ந்த நீல எருமை. எங்களுக்கு அப்போது பதினொரு வயசும் ஒன்பது வயசும். ரீசேட்டில் இருக்கிற மிருகம் யார் என்று தேடப்போய் இன்றுவரை திரும்பி வரவில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலு தரத்துக்குள் பத்து யார் முன்னேற வேணும். முன்னேறினால் இன்னும் நாலு தரம். இல்லையென்றால் பந்து மற்ற ஆக்களுக்கு. மிச்ச விதியெல்லாம் இந்த அத்திவாரத்தில் எழுப்பின மாடிகள். பஃபலோவில் ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம் எங்களுக்கு இரவு 10.30. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால் 11.30. அவர்களுடைய இரவு ஆட்டம் எங்களுக்குத் திங்கள் விடியற்காலை. திங்கள் காலை விரிவுரைகளில் எங்கள் முகம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு இதுதான் விளக்கம்.

பில்ஸ் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் சொல்வது தோல்விக் கணக்கைத்தான். 1991 ஜனவரி முதல் 1994 ஜனவரி வரை தொடர்ச்சியாக நாலு சுப்பர் போல் இறுதியாட்டம், நாலிலும் தோல்வி. வேறெந்த அணியும் தொடர்ந்து நாலு முறை அங்கே போனதில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். முதலாவது தோல்வி ஒரே ஒரு புள்ளியால். கடைசி எட்டுச் செக்கனில் ஸ்கொட் நோர்வூட் 47 யாரிலிருந்து உதைத்த பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. நியூயோர்க் ஜயன்ற்ஸ் 20, பஃபலோ 19.

அடுத்த நாள் நடந்ததுக்காகத்தான் நாங்கள் இந்த அணியை விடாமல் இருக்கிறோம். ஊர் திரும்பியவர்களை வரவேற்க நயாகரா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். மேடையில் பின்னுக்கு நின்ற நோர்வூட்டை, "எங்களுக்கு ஸ்கொட் வேணும்" என்று கத்திக் கூப்பிட்டு முன்னுக்கு வரச் செய்தார்கள். எங்கட பக்கத்துக் கிறிக்கெற்றில் தோற்று வந்த வீரனின் வீட்டுக்குக் கல்லெறிந்த கதைகள் உங்களுக்கும் தெரியும். அதை வாசித்து வளர்ந்த எங்களுக்கு இந்த வீடியோ பெரிய அதிர்ச்சி.

மன்னிக்கத் தெரிந்த கூட்டம் என்பதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க வேணும் என்றில்லை. 2022 ஜனவரி 23 பற்றி எங்களுக்கு இன்னும் கோபம். கன்சாஸ் சிற்றியில் காலிறுதி மாதிரியான ஆட்டம். எங்களுக்குத் திங்கள் காலை ஐந்து மணி. 13 செக்கன் மிச்சம் இருக்கும்போது ஜோஷ் அலன் எறிந்த பந்தை கேப் டேவிஸ் பிடித்தார். அன்று அவருடைய நாலாவது டச்டவுன். 36-33. தம்பி கத்தின கத்தலில் அம்மா எழும்பி வந்து "ஆருக்கு என்ன?" என்று கேட்டா. அவவுக்குப் பதில் சொல்லி முடிய முன்னம் கன்சாஸ் சிற்றி இரண்டே எறியில் 44 யார் கடந்து, உதைத்துச் சமன் செய்துவிட்டது. மேலதிக நேரத்துக்கு நாணயம் சுண்டினார்கள். வென்ற அவர்கள் முதல் தடவையிலேயே டச்டவுன் எடுத்தார்கள். 42-36. அலன் பந்தைத் தொடவேயில்லை.

பெரும்பாலான ரசிகர்கள் நாணயத்தைத் திட்டினார்கள். இரண்டு மாதத்தில் லீக்கும் விதியை மாற்றியது: இறுதிச்சுற்று ஆட்டங்களில் இரண்டு அணிக்கும் பந்து கிடைக்க வேணும். நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் கருத்தில் அது சாட்டு. 13 செக்கனில், உதைத்த பந்து எல்லைக்கு அங்கால் போனால் மணிக்கூடு ஓடாது. உள்ளே கட்டையாக உதைத்திருந்தால் எதிரணி அதை எடுத்து ஓடவே நாலைந்து செக்கன் போயிருக்கும். அதைச் செய்யவில்லை. பிறகு தடுப்பாட்டக்காரர்களைத் தூரப் பின்னுக்கு நிறுத்தி நடுப்பகுதியைத் திறந்து விட்டார்கள். அப்போது பயிற்றுநராக இருந்த ஷோன் மக்டர்மட் மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. 17 வருசம் இறுதிச்சுற்றுப் பக்கமே போகாத அணியை அவர் வந்த முதல் வருசமே கொண்டுபோனார். ஆனால் அந்த 13 செக்கனுக்கு எங்களுக்குத் திருப்தியான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

2025 ஜனவரியிலும் அதே ஊர், அதே அணி, 32-29. நாலாவது கால்பகுதியில் ஒரு யாருக்கும் குறைவான தூரத்துக்கு அலன் தானே பந்தோடு புகுந்தபோது தடுத்துவிட்டார்கள். எல்லையைத் தொட்டார், இல்லை என்று இன்னும் சண்டை நடக்கிறது. நாங்களும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தொட்டதாகத்தான் எங்களுக்குத் தெரிகிறது, எங்கள் கண் நீலக் கண் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். ஆனால் அன்றைக்கு அதே புகுதலை எத்தனை தரம் செய்தார்கள்! அடுத்தது என்ன என்று மைதானம் முழுக்கத் தெரிந்த பிறகும் அதையே செய்தால் நடுவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

இவ்வளவும் ரசிகப் பேச்சு. உண்மையில் எழுத வந்தது வேறு விசயம்.

இந்த ரசிகர்களைப் பற்றி வெளியே தெரிவது, பனிக்குள் மடிக்கிற மேசைகளுக்கு மேல் பாய்ந்து உடைக்கிற வீடியோக்கள்தான். அதுவும் உண்மைதான். ஆனால் 2017 டிசம்பர் 31 அன்று, சின்சினாற்றியின் அன்டி டோல்ரன் கடைசி நிமிடத்தில் எறிந்த ஒரு பந்தால் பால்ரிமோர் தோற்று, அதனால் பில்ஸ் இறுதிச்சுற்றுக்குள் போனபோது, டோல்ரனின் அறக்கட்டளைக்கு 17 டொலர் 17 டொலராக அனுப்பினார்கள் — வருசத்துக்கு ஒரு டொலர். 2020இல் அலனின் பாட்டி இறந்தபோது பஃபலோவின் சிறுவர் வைத்தியசாலைக்கு அதே மாதிரி 17, 17ஆகப் போட்டு ஒரு மில்லியன் டொலரைத் தாண்டினார்கள். 17 இந்தமுறை அலனின் இலக்கம். 2023 ஜனவரி 2 அன்று டமார் ஹம்லின் மைதானத்தில் இதயம் நின்று விழுந்தார். அணியின் மருத்துவப் பராமரிப்புக் குழுவில் இருந்த டெனி கெலிங்ரன் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைத்தார். ஹம்லின் எப்போதோ 2,500 டொலர் இலக்கோடு தொடங்கியிருந்த விளையாட்டுப்பொருள் நிதி எட்டு மில்லியனைத் தாண்டியது. அதில் மற்ற அணி ரசிகர்களும் இருந்தார்கள்.

இப்படிக் கொடுக்கிற ஒரு ஊரிடம்தான், அணியின் சொந்தக்காரர் மைதானத்துக்குக் காசு கேட்டார்.

2014இல் முதல் சொந்தக்காரர் ரால்ஃப் வில்சன் இறந்தபோது அணி விற்பனைக்கு வந்தது. பாடகர் ஜோன் பொன் ஜோவி சேர்ந்திருந்த ரொறன்ரோக் குழு ஒன்று வாங்கப் பார்த்தது. பஃபலோவில் அவருடைய பாட்டுகளையே ஒதுக்கிவைத்தார்கள். (மாமா "எங்கட ஊருக்கு வரப்போகுது" என்று சந்தோசப்பட்டார். நாங்கள் ஒரு கிழமை அவரோடு ஸ்கைப்பில் கதைக்கவில்லை.) கடைசியில் எரிவாயுவில் பணம் சேர்த்த ரெறி பெகுலாவும் மனைவி கிம்மும் 1.4 பில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது.

2022 மார்ச்சில் புது மைதான ஒப்பந்தம் வந்தது. மாநிலம் 600 மில்லியன், ஈரி கவுன்ரி 250 மில்லியன். 850 மில்லியன் பொதுப்பணம், ஒரு பில்லியனரின் அணிக்கு. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, மே 14 அன்று, பஃபலோவின் கிழக்குப் பக்கத்தில் ஜெபர்சன் அவெனியூவில் இருந்த ரொப்ஸ் சுப்பர்மார்க்கெற்றுக்குள் ஒரு வெள்ளை இனவெறியன் புகுந்து பத்துக் கறுப்பினத்தவர்களைச் சுட்டுக் கொன்றான். அப்போதுதான் எங்களுக்கு ஒரு விசயம் தெரிந்தது: அந்தப் பகுதிக்கு முறையான மரக்கறி, பழம் வாங்க இருந்தது அந்த ஒரு கடைதான். அதையும் வருசக்கணக்காகக் கேட்டுத்தான் பெற்றிருந்தார்கள். கொலைக்குப் பிறகு கடை இரண்டு மாதம் பூட்டு. பில்ஸ் வீரர்கள் போய் உணவுப் பொருள் பகிர்ந்தார்கள், அழுதார்கள். அது நடிப்பு இல்லை என்று நாங்கள் நம்புகிறோம். ஆனால் ஒரு கடைக்கு வருசக்கணக்கில் காத்திருந்த ஊரில், மைதானத்துக்கு ஒரு வரவுசெலவுத் திட்டத்திலேயே காசு கிடைத்ததை எப்படிப் பார்க்காமல் விடுவது?

இதற்குத் தம்பியின் பதில் எப்பவும் ஒன்றுதான்: "காசு குடுக்காட்டி ரீம் போயிருக்கும்." அவன் சொல்வதை லேசாகத் தள்ளமுடியாது. 1984இல் பால்ரிமோரின் அணி ஒரு இரவுக்குள் லொறிகளில் சாமான் ஏற்றி இண்டியானாபொலிசுக்குப் போனது. பன்னிரண்டு வருசம் கழித்து, அதே பால்ரிமோர் கிளீவ்லண்டின் அணியைப் பறித்தது. அந்தப் பயம் பஃபலோக்காரருக்கு எலும்புக்குள் இருக்கிறது. புது ஒப்பந்தம் அணியை முப்பது வருசம் கட்டிவைக்கிறது, மேலதிகச் செலவை அணியே ஏற்கவேணும் என்றும் இருக்கிறது. செலவு ஏறி ஏறி அணியின் பங்குதான் பெருத்தது. இதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டித்தான் காசு வாங்கப்படுகிறது என்பதும் சரிதானே. போய்விடுவோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, பால்ரிமோரின் லொறிகளை ஊர் மறக்கவில்லை.

பணம் கொடுத்த ஊருக்கே உள்ளே போவது கஷ்டமாகப் போகிறது. பழைய மைதானத்தில் எழுபதாயிரத்துக்கு மேல் இருக்கை இருந்தது. புதியதில் சுமார் 62,000. பருவ ரிக்கெற்றுக்கு முதல், "ரிக்கெற் வாங்கும் உரிமை"க்கென்றே தனியாகக் கட்டவேணும், நல்ல இடமென்றால் பல ஆயிரம் டொலர். 1973இலிருந்து பனிக்குள் நின்று கத்தின குடும்பங்களுக்கு இதுதான் நன்றி. 2024 ஜனவரியில் பனிப்புயலில் மைதானம் மூடுப்பட்டபோது மணித்தியாலத்துக்கு 20 டொலருக்கு மண்வெட்டியோடு வந்து அள்ளினவர்களும் இந்த ஆக்கள்தான். புது மைதானத்தில் அவர்கள் எந்த வரிசையில் இருப்பார்கள்?

எங்கள் வீட்டில் "நாங்கள்" என்ற சொல் இந்த இடத்தில் பிரிகிறது. தம்பிக்கு ஒரு சுப்பர் போல் கிண்ணம் கிடைத்தால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு அணியைத் தூக்கிப்பிடிப்பதும் அதன் முதலாளியைத் தூக்கிப்பிடிப்பதும் ஒன்றென்று அவன் நினைக்கிறான், நான் நினைக்கவில்லை. "இலவசமா நெற்றில பாக்கிற உனக்கென்ன, அவையின்ர வரிக்காசு" என்கிறான். அதுதான் அவன் சொன்னதிலேயே எனக்கு உறைத்தது. பஃபலோவில் வரி கட்டாத, அந்தக் குளிரில் ஒருநாள்கூட நிற்காத இரண்டு பேர் இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல என்ன உரித்து என்று யோசித்தேன். ஊரில் இருக்கிற ரசிகர்களிலேயே பலர் இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள் என்பதால் எழுதத் துணிந்தேன்.

2025 பருவம் பழைய மைதானத்தின் கடைசிப் பருவம். அதன் முதல் ஆட்டம் எங்கள் நேரப்படி செப்ரெம்பர் 8, திங்கள் காலை 5.50, பால்ரிமோரோடு. நீல ரீசேட் தம்பிக்கு எப்பவோ சின்னதாகிவிட்டது, ஆனாலும் கதிரையில் விரித்துப்போடுவான். எட்டு மணிக்கு எனக்கு விரிவுரை.