கல் இங்கே, கணக்கு எங்கே?

ஊர்க்கணக்கைக் காவாதவனுக்கு ஊராளும் உரிமை இல்லை என்று கல்லில் வெட்டி வைத்த நாடு தமிழ்நாடு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தகன் காலத்தே பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் அமர்ந்து கணக்குக் காட்டாது போனவனை மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையினின்று விலக்கி வைத்தது. அத்தகைய நாட்டின் கல்லே இன்று அரியலூர்ச் சூளைகளில் நாள்தோறும் வேகின்றது. வேகவைப்போரின் கணக்கோ தமிழன் கண்ணிற் படுவதில்லை!

அரியலூரும் பெரம்பலூரும் ஒருகால் கடலின் அடியிலும் கரையிலும் கிடந்த நிலங்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் பெருமரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுத் தொன்மையது. அக்கடலில் வாழ்ந்து மாண்ட உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். காற்றில் அலைய வேண்டிய கரியைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் இயற்கைக் கருவூலம் அது.

சிமெண்டு எனப் பிறர் வழங்கும் பைஞ்சுதை ஆக்குவோர் அக்கருவூலத்தைத் திறந்துவிடுகின்றனர். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் நீற்றுச் சுண்ணாம்பு 56 கிலோ எஞ்சும். மீதி 44 கிலோ கரிவளியாய்ப் பறந்துபோம். சூளையை 1,450 பாகை வெம்மைக்கு ஏற்ற எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல் வேறு. உலகம் வெளியிடும் கரிவளியில் 7 முதல் 8 விழுக்காடு பைஞ்சுதைத் தொழிலின் பங்கு என்பது அறிஞர் கண்ட உண்மை. கதிரொளியாலும் காற்றாலும் ஆலை முழுவதும் இயங்கினாலும், கல்லுக்குள்ளிருந்து கிளம்பும் கரிவளி நிற்காது. இதனை மறைத்துப் பேசும் எப் ‘பசுமை’ உறுதிமொழியும் அரைப்பொய்யே!

உறுதிமொழிக்குக் குறைவில்லை. வெளியிடுவதினும் மிகுதியான கரிவளியை 2040-ஆம் ஆண்டிற்குள் உட்கொள்வோம் என 2018-இல் தால்மியா நிறுவனம் அறிவித்தது. ஆண்டுக்கு 5 நூறாயிரம் டன் கரிவளியைப் பிடிக்கும் கலனைத் தன் அரியலூர் ஆலையில் அமைக்கப் பிரித்தானிய நிறுவனம் ஒன்றுடன் உடன்பட்டதாக 2019-இல் உலகறியச் சொன்னது. சொன்னது நன்று. ஆயின் அக்கலன் இன்று எந்த நிலையில் உளது, எத்துணை டன் பிடித்தது என்று அரியலூர் உழவன் கேட்டால், அவன் மொழியில் விடை சொல்லக் கடமைப்பட்டவர் எவர்?

பெரியோர் உறுதிமொழி பிழையாது என்று எவரும் மயங்க வேண்டா. 2030-க்குள் வெளியிடுவதினும் மிகுதியான கரிவளியை நீக்குவோம் என 2020-இல் முழங்கிய மைக்கிரோசாபுட்டு நிறுவனத்தின் கரிவெளியீடு, 2023-க்குள் ஏறத்தாழ 29 விழுக்காடு கூடிற்று. 2019-ஐ நோக்கக் கூகுள் நிறுவனத்தினது 48 விழுக்காடு உயர்ந்தது. கணிப்பொறிகளை அடுக்கி வைக்கும் பெருமனைகள் பெருகியதும், அவற்றைக் கட்ட இரும்பும் பைஞ்சுதையும் குவிந்ததும் மைக்கிரோசாபுட்டின் உயர்வுக்கு முகாமையான ஏதுக்கள் என அந்நிறுவனமே ஒப்பியது. முகிலில் இயங்குவதாகச் சொல்லப்படும் தொழிலும் முடிவில் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் நிற்கின்றது! எனினும் கரிவெளியீடு உயர்ந்ததை அவர்கள் கணக்குக் காட்டியதனால் அன்றோ உலகம் அறிந்தது? அரியலூருக்கு அந்தக் கணக்கேனும் உண்டா?

ஆலையார் ஒரு கணக்குக் காட்டுவர்: ஒரு டன் பைஞ்சுதைக்கு இத்துணைக் கிலோ கரிவளி குறைந்தது என்பர். அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் கலப்பதால் அது குறைவது மெய்யே. ஆனால் 700 கிலோ 560 ஆகக் குறைய, ஆக்கம் 10 நூறாயிரம் டன்னிலிருந்து 20 நூறாயிரமாகப் பெருகினால், மொத்தக் கரிவளி 7 நூறாயிரம் டன்னிலிருந்து 11 நூறாயிரத்தைக் கடந்துவிடும். குவளைக்குக் குவளை கள்ளைக் குறைத்துக் குவளையை இரட்டித்தவன், குடியைக் குறைத்தேன் என்று மார்தட்டுவது போன்றதே இது. 2023-இல் நடுவணரசு வகுத்த கரிக்கடன் வணிகத் திட்டமும் இத்தகைய டன்னளவையையே கைக்கொண்டது. வானமோ மொத்தத்தையே கணக்கிடும்.

இனி, மொழிக் கொடுமை. 2006-ஆம் ஆண்டுச் சூழல் அறிவிப்பின்படி மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் தமிழிற் கிடைப்பது அறிக்கையின் சுருக்கமே, முழுமையும் ஆங்கிலம். அதனை மாற்ற 2020-இல் வந்த வரைவையோ இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வெளியிட்டனர். பிற மொழிகளிலும் பெயர்த்திடுக எனத் தில்லி உயர் முறைமன்றம் ஆணையிட்டபோது, நடுவணரசு உச்ச முறைமன்றத்தின் கதவைத் தட்டிற்று. மண் தமிழனது, தூசி தமிழன் நெஞ்சில், சட்டம் மட்டும் அவனுக்குப் புரியலாகாதாம்!

ஆலைகளை மூடுக என்பதன்று வழக்கு. வீட்டிற்குச் சுவர் வேண்டும். தொழிலாளிக்குக் கூலி வேண்டும். ஆயினும் வானம் பார்த்த பெரம்பலூர்ப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சிறுவெங்காயத்துக்கும் மழை தன் பருவத்தே வரவேண்டும் அன்றோ? அம்மழை பிழைத்தால் கடன்படுவோன் பங்குமுதல் இட்டவன் அல்லன், ஏர் பிடித்தவனே.

ஆதலின் தமிழ்மக்கள் ஊரவைதோறும் எழுந்து கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வோர் ஆலையும் தன் ஆண்டு மொத்தக் கரிவெளியீட்டைத் தமிழில் எழுதி வாயிலிலும் ஊராட்சி மன்றத்திலும் வைத்தல் வேண்டும். 2040, 2050 என்று எட்டாத ஆண்டுகளைக் காட்டாது, ஆண்டுதோறும் குறைக்கும் அளவை முன்கூட்டிச் சொல்லி, தவறினால் தண்டம் இறுத்தல் வேண்டும். 2019-இல் அறிவித்த கலனின் நிலையை ஆலையார் ஊரார் முன் நேரில் வந்து உரைத்தல் வேண்டும்.

தமிழிளைஞரே, கல்லைக் கொடுத்தவன் கணக்கைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை. கேளுங்கள்! தமிழிற் கேளுங்கள்! தமிழில் விடை வரும்வரை கேளுங்கள்!