மிதியை மாற்றுமுன் ஒயரைப் பாருங்கள்

மளிகை வியாபாரிகளின் இதழில் லாரியின் ஆக்ஸிலேட்டர் மிதியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். நம் கடையில் இருக்கும் பருப்பும் மிளகாயும் சர்க்கரையும் லாரி ஏறித்தான் வந்தன. லாரி நடுவழியில் நின்றால் நம் வியாபாரமும் நிற்கிறது. ஆகவே இது நம் விஷயமே.

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். கலபுரகியிலிருந்து துவரம்பருப்பு ஏற்றி வந்த நம் லாரி, ஓசூர் தாண்டியதும் திடீரென்று வேகம் இழந்தது. எவ்வளவு மிதித்தாலும் இஞ்சின் ஏறவில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரம் கட்டிச் சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. கிருஷ்ணகிரிப் பட்டறையில் மிதியையே புதிதாக மாற்றினார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு. தர்மபுரி போவதற்குள் மழை பிடித்தது. பழுதும் திரும்பி வந்தது. அங்கே டீசல் பில்டரை மாற்றினார்கள். அதிலும் சரியாகவில்லை.

சேலத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் கிடைத்தார். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. டிரைவரை உட்காரவைத்துக் கேட்டார். “எப்ப வருது? மேட்டிலா, மழையிலா, வண்டி குலுங்கும்போதா? விளக்கு எரியுதா?” என்றார். வேகத்தடையில் குலுங்கும்போதுதான் அதிகம் வருகிறது என்றார் டிரைவர். பெரியவர் ஸ்கேனரை மாட்டி, இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, மிதியைப் பாதியில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒயர்க்கட்டைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே வந்தார். கேபின் தூக்கும் கீல் பக்கம் கை போனதும் திரையில் எண் துள்ளியது. அங்கே ஒயரின் மேலுறை இரும்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. ஒயரைச் சேர்த்து, உறை போட்டு, கேபின் தூக்கினாலும் இழுபடாதபடி கட்டினார். செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் நமக்கு இரண்டு நாள் பண்டிகை வியாபாரம் போயிற்று.

மிதியை மாற்றியதும் கொஞ்ச தூரம் நன்றாக ஓடியதே என்று கேட்டோம். “மாத்தும்போது ஒயர் கொஞ்சம் நகர்ந்திருக்கும் அண்ணாச்சி. அதனால ஓடியிருக்கு” என்றார். விட்டுவிட்டு வரும் பழுதில் ஏமாறும் இடம் இதுதான். எதை மாற்றினாலும் சற்று நேரம் சரியானதுபோல் தெரியும்.

பழைய லாரிகளில் மிதிக்கும் இஞ்சினுக்கும் இடையே கம்பியோ கேபிளோ இருந்தது. அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்றைய லாரியில் மிதி ஒரு செய்தியை மட்டுமே ஒயர் வழியாகக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் இரண்டு சென்சார்கள் தனித்தனியே அளவு சொல்லும். நாம் சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப்பார்ப்பதுபோல் அந்தப் பெட்டி இரண்டையும் ஒத்துப்பார்க்கும். கணக்கு இடித்தால், எதையும் நம்பாமல் வேகத்தைக் குறைத்துவிடும். கணக்கு இடித்தால் நாம் பேரேட்டைக் கிழித்துப் போடுகிறோமா? எந்த வரியில் பிசகு என்றுதானே பார்க்கிறோம்.

லாரி வைத்திருக்கும் வணிகர்கள் பட்டறையில் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, பழுதுக் குறியீட்டை எழுதிக்கொள்ளாமல் அழிக்கக்கூடாது. இரண்டாவது, மிதியை மெதுவாக அடிவரை அழுத்தும்போது திரையில் எண் சீராக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கனெக்டரைக் கழற்றிப் பின்களில் களிம்போ ஈரமோ தளர்ச்சியோ உண்டா என்று பார்க்க வேண்டும். ஒயரை ஊசியால் குத்திச் சோதிக்க விடாதீர்கள். அந்த ஓட்டை வழியே நாளை தண்ணீர் இறங்கும். நான்காவது, சென்சாருக்கு வரவேண்டிய 5 வோல்ட்டும் எர்த்தும் ஒழுங்காக வருகின்றனவா என்று அளக்க வேண்டும். சில வண்டிகளில் அந்த 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் பொது. அவற்றில் ஒன்று கெட்டாலும் பழி மிதியின்மேல் விழும். பிரேக் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் இரண்டையும் பார்ப்பது நல்லது.

முழுதாக மிதித்தால் திரையில் 100 என்று நிலையாகக் காட்டி, ஆனாலும் வண்டி இழுக்கவில்லை என்றால் குற்றம் மிதியில் இல்லை. டீசல் அடைப்பாக இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 லாரியானால், யூரியா திரவம் தீர்ந்தாலோ கெட்டாலோ இஞ்சின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இனி நம் தவற்றையும் சொல்லிவிடுகிறோம். தர்மபுரியில் நின்ற டிரைவருக்குப் போன் செய்து, “எப்படியாவது வந்து சேர் தம்பி, கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள்” என்று நெருக்கினோம். அவர் இரவோடு இரவாகப் புறப்பட்டார். சேலம் போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னார்: “நடுரோட்டுல வேகம் போயிடுச்சு அண்ணாச்சி. பின்னால வந்த பஸ் மயிரிழையில விலகிப் போனான்.” மிதி வேலை செய்யாமல் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பருப்பு மூட்டைக்காக ஒரு பஸ் நிறைய உயிரைப் பணயம் வைத்தோமே என்று இன்றும் உறுத்துகிறது.

ஆகையால் நம் கருத்து இது. வாடகை லாரியானாலும் சொந்த லாரியானாலும், டிரைவர் பழுது என்று சொன்னால் ஓட்டச் சொல்லி நெருக்கக்கூடாது. பழுதால் வந்த தாமதத்துக்கு வாடகைப் பாக்கியில் பிடிக்கிற வழக்கத்தையும் விட வேண்டும். பிடித்தம் என்ற பயத்தில்தான் பலர் பழுதை மறைத்து ஓட்டுகிறார்கள். இ-வே பில் கெடுவை நினைத்துப் பதற வேண்டியதும் இல்லை. 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. கெடு முடிய 8 மணி நேரம் இருக்கும்போதிலிருந்து, முடிந்த பின் 8 மணி நேரம் வரை காரணம் காட்டி நீட்டிக்கலாம். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், புறப்படுமுன் பகுதி-பி-யில் அந்த லாரியின் எண்ணைப் பதிந்துவிட வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டிரைவரிடம் கொடுங்கள். பழுது வந்த நேரம், இடம், மழையா வெயிலா, விளக்கு எரிந்ததா, எவ்வளவு நேரத்தில் சரியானது என்று அவர் குறித்து வரட்டும். பட்டறைக்குப் போனதும் முதலில் அந்த நோட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் லாரியில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.