பெயர் இல்லாத முதல் பக்கம்

எண்பதுகளில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் ஸ்பைடரைப் படித்து வளர்ந்தவர்கள் இன்றும் அவனைக் கூர்மண்டையர் என்று செல்லமாகத்தான் சொல்வார்கள். கூரான காது, வலைத் துப்பாக்கி, கூடவே ஆர்டினியும் பெல்ஹாமும். குற்றவுலகச் சக்கரவர்த்தியாகப் புறப்பட்டு, பிறகு தன்னைவிடக் கொடியவர்களை ஒழிக்கக் கிளம்பிய ஆள். தொடக்கக் கதைகளை டெட் கோவன் எழுதினார். அதற்குப் பின் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல் என்பது நம்மில் பலருக்குத் தலை நரைத்த பிறகே தெரிந்தது. மூலக்கதை வந்த பிரிட்டிஷ் வார இதழில் அவர் பெயர் இல்லை.

சூப்பர்மேனைப் படைத்தவர் அறுபதுகளில் ஏன் அங்கே பெயரில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்? பழைய காமிக்ஸா, புதிய காமிக்ஸா என்று நண்பர்களுக்குள் சண்டை மூளும்போதெல்லாம் நமக்கு இந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது.

கிளீவ்லண்டில் வளர்ந்த சீகலும் சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷூஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1938-இல் 130 டாலருக்குச் சூப்பர்மேன் உரிமையை விற்றார்கள். அந்த முதல் கதைகளை இன்று எடுத்துப் பாருங்கள். கோடுகள் முரட்டுத்தனமானவை, முகங்களில் பாவம் குறைவு. ஆனால் மூன்றாவது இதழில் சூப்பர்மேன் என்ன செய்கிறான்? பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை, விருந்துக்கு வந்த சீமான் சீமாட்டிகளோடு, அதே சுரங்கத்துக்குள் இறங்க வைக்கிறான். கூரையைச் சரித்து வழியை அடைக்கிறான். விருந்து உடையோடு மண்ணைத் தோண்டும்போதுதான் முதலாளிக்குத் தன் தொழிலாளியின் உயிர்ப்பயம் புரிகிறது. அமெரிக்கா வேலையின்றித் தவித்த ஆண்டுகளின் கோபம் அது. பிற்காலத்தில் எத்தனை கிரகங்களைக் காப்பாற்றினாலும் சூப்பர்மேன் இந்தச் சுரங்கத்துக்குள் இருந்த அளவு நமக்கு நெருக்கமாக இல்லை.

உரிமை கேட்டு 1947-இல் இருவரும் பதிப்பு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று. பின்னாளில் சீகல் அதே நிறுவனத்துக்குப் பெயரில்லாமல் எழுதத் திரும்பினார். அப்படி எழுதியதுதான் 1961-இல் வந்த சூப்பர்மேனின் மரணம். கற்பனைக் கதை என்று சொல்லியே வந்தது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவன் சாகிறான். திரும்பி வரவில்லை, கதை அங்கேயே முடிகிறது. 1992-இல் மறுபடியும் சூப்பர்மேன் செத்தான். கறுப்பு உறையில் துக்கப்பட்டி வைத்து இலட்சக்கணக்கில் விற்றார்கள். அடுத்த ஆண்டே எழுந்து வந்துவிட்டான். எதுவுமே முடியாத இந்த வியாபாரம்தான் புதிய காமிக்ஸின் பெரிய நோய் என்று நாம் நினைக்கிறோம். தாளும் வண்ணமும் எவ்வளவு மெருகேறினாலும் அது தீரவில்லை.

அதற்காகப் புதியதை மொத்தமாகத் தள்ளிவிட மாட்டோம். 2014-இல் தனி இதழ் கண்ட சூப்பர்நாயகி கமலா கான், ஜெர்சி சிட்டியில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் வாக்குவாதங்களில் கிளீவ்லண்ட் பையன்களின் மூச்சு இருக்கிறது. அந்த இதழ்களில் எழுதியவர், வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், பலூனுக்குள் எழுத்து அமைத்தவர் என்று எல்லோர் பெயரும் இருக்கிறது. பழைய காமிக்ஸின் பக்கமே சாயும் நமக்கும் இந்த ஓரிடத்தில் புதியதுதான் உயர்ந்தது. சீகல், ஷூஸ்டர் பெயர்கள் சூப்பர்மேன் இதழ்களுக்குத் திரும்ப 1975 முடிய வேண்டியிருந்தது. ஷூஸ்டருக்கு அதற்குள் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. பேட்மேனுக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவரான பில் ஃபிங்கருக்கு 2015-இல்தான் முறையான அங்கீகாரம். அவர் இறந்தது 1974-இல்.

இனி நம் இதழில் காமிக்ஸ் பற்றி எழுதுவோர் கதாசிரியர், ஓவியர் பெயர்களைத் தேடிப் போட வேண்டும். தமிழில் வந்ததென்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும். பெயர் கிடைக்காத கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளிவைப்போம். இந்த இதழின் பின்னட்டையில் ஸ்பைடர் படம் ஒன்று இருக்கிறது. அதனடியில் வரைந்தவர் ரெஜ் பன், எழுதியவர் ஜெர்ரி சீகல் என்று அச்சிட்டிருக்கிறோம்.