2 ஓட்டில் முடிந்த தேர்தல்: வடகிழக்கு ஃபைஃப் தொகுதியின் கதை

13,743. 13,741. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் நாடாளுமன்றத் தொகுதியில் 2017 தேர்தலில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் வாங்கிய ஓட்டுகள் இவை. திரும்பத் திரும்ப எண்ணிய பிறகு வித்தியாசம் 2 தான். தனி நாடு கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் ஸ்டீஃபன் கெதின்ஸ் ஜெயித்தார். லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் எலிசபெத் ரிச்சஸ் தோற்றார். இன்னும் இரண்டு பேர் வந்து ரிச்சஸுக்குப் போட்டிருந்தால், சட்டப்படி குலுக்கல்தான்! அன்று ஓட்டுப் போடவே வராதவர்களோ பத்தாயிரத்துக்கும் மேல்.

வயல்கள், மீன்பிடி கிராமங்கள், கோல்ஃபுக்குப் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம். இதுதான் தொகுதி. அமைதியான ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். இதன் பழைய வடிவமான கிழக்கு ஃபைஃபில் 1886 முதல் எம்.பி.யாக இருந்தவர் ஆஸ்க்வித். எட்டு ஆண்டுகள் பிரதமராக இருந்த அவரையே 1918-ல் தோற்கடித்தார்கள். பின்னர் வெகுகாலம் கன்சர்வேடிவ்களும் அவர்களின் கூட்டாளிகளும் கோலோச்சினார்கள். 1987-ல் அதை உடைத்தவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய மென்சீஸ் கேம்பல். 2015 வரை அவர்தான் எம்.பி.

சரி, 2017-ல் ஏன் இப்படி ஒரு இழுபறி? 2014 பொது வாக்கெடுப்பில் ஃபைஃப் பகுதியில் 55% பேர் தனி நாடு வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்த 'வேண்டாம்' ஓட்டு மூன்று கட்சிகளுக்குச் சிதறியது. மூன்றாவதாக வந்த கன்சர்வேடிவ் மட்டும் பத்தாயிரம் ஓட்டை எடுத்துக்கொண்டது. விளைவு, மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வைத்தே கெதின்ஸ் எம்.பி. ஆகிவிட்டார். இதைத் 'தொகுதியின் தீர்ப்பு' என்று சொல்வது கொஞ்சம் ஓவர்தான். அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையின் கோளாறு இது. நாமும் அதே முறையைத்தான் வைத்திருக்கிறோம்.

2019-ல் கன்சர்வேடிவ் ஓட்டு சுமார் ஆறாயிரமாகச் சுருங்கியது. லிபரல் டெமாக்ரட் கட்சியின் வெண்டி சேம்பர்லேன் 1,316 ஓட்டில் ஜெயித்தார். அதே இரவில் அந்தக் கட்சியின் தலைவி ஜோ ஸ்வின்சன் தன் சொந்தத் தொகுதியில் 149 ஓட்டில் தோற்றது தனிக்கதை. 2024-ல் சேம்பர்லேனின் வித்தியாசம் 13 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கெதின்ஸ் வேறொரு தொகுதியில் நின்று மீண்டும் எம்.பி. ஆகிவிட்டார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம்மூர் பசங்களுக்கு ஒரு தகவல்: இந்தியக் குடிமக்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டவர் முறைப்படி அங்கு வசித்தால், 18 வயது நிரம்பியிருந்தால், பெயரைப் பதிவு செய்து பிரிட்டன் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.